சக்கர நாற்காலியில் ஒரு மருத்துவர்

பினாங்கு, பாயான் லெப்பாஸ் கடற்கரையோரம் நின்று கிழக்கே நோக்கினால், தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே பசுமை போர்த்திய சிறு தீவு ஒன்று தெரியும். அதுவே ஜெரெஜாக் தீவு. இன்று அமைதியாகக் காட்சி தரும் அத்தீவுக்குத் துயரமான கடந்த காலம் ஒன்று உண்டு. 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொழுநோயாளிகளை ஊரிலிருந்து பிரித்து வைக்கும் இடமாக அது பயன்பட்டது. அக்காலத்தில் தொழுநோயைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. நோய் தொற்றிவிடுமோ என்ற அச்சம் மட்டுமே இருந்தது. அதனால், நோயுற்றவர்கள் வீட்டையும் உறவையும் விட்டுக் கடல் சூழ்ந்த இடத்தில் வாழ வேண்டியதாயிற்று. 1930 ஆம் ஆண்டு சுங்கை பூலோவில் பெரிய குடியிருப்பு ஒன்று அமைக்கப்பட்ட பிறகு நோயாளிகள் அங்கு மாற்றப்பட்டனர்.

தொழுநோயாளிகள் மட்டுமல்லர், நடக்க இயலாதவர், பார்வையற்றவர், செவித்திறன் குன்றியவர் எனப் பலரும் அந்நாளில் இவ்வாறே ஒதுக்கப்பட்டனர். சிலர் தீவுகளில் இருந்தனர். பலர் தத்தம் வீட்டின் பின்னறைகளில் இருந்தனர். உடலில் குறை உள்ளவரால் பயனில்லை. அவர் இரக்கத்திற்கு உரியவரே அன்றி உரிமைக்கு உரியவர் அல்லர் என்பதே உலகம் முழுவதும் நிலவிய எண்ணம். அந்த எண்ணத்தைத் தம் வாழ்க்கையாலேயே மாற்றிக் காட்டியவர்களுள் ஒருவர் தமிழ்நாட்டின் வேலூரில் பணியாற்றிய மருத்துவர் மேரி வர்கீஸ்.

இளமையும் கல்வியும்

மேரி வர்கீஸ் 1925 ஆம் ஆண்டு கேரளத்தின் கொச்சிக்கு அருகிலுள்ள செராய் என்னும் ஊரில் பிறந்தார். செராய், வைப்பின் தீவில் அமைந்த கடலோரச் சிற்றூர். தென்னந்தோப்புகளும் காயல்களும் சூழ்ந்த அவ்வூரில் அவருடைய குடும்பம் நிலபுலன்களோடு மதிப்பாக வாழ்ந்தது. உடன்பிறப்புகள் பலரோடு, எக்குறையும் இன்றி மேரி வளர்ந்தார். பெண்கள் உயர்கல்வி பெறுவது அரிதாக இருந்த காலத்தில் அவர் மருத்துவராக விரும்பினார். அந்த விருப்பமே அவரை வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு அழைத்து வந்தது.

அக்கல்லூரி தோன்றிய வரலாறும் அறியத்தக்கது. அமெரிக்க மருத்துவக் குடும்பம் ஒன்றில் தோன்றி, இளமையில் தென்னிந்தியாவில் வாழ்ந்தவர் ஐடா ஸ்கடர். பிள்ளைப்பேற்றின்போது ஆண் மருத்துவரை நாட மறுத்த குடும்பங்களைச் சேர்ந்த மூன்று பெண்கள் ஒரே இரவில் உயிரிழந்ததை அவர் கண்டார். பெண்களுக்குப் பெண் மருத்துவர் தேவை என்பதை உணர்ந்து அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்றார். 1900 ஆம் ஆண்டு வேலூரில் ஒரே ஒரு படுக்கையுடன் சிகிச்சையைத் தொடங்கினார். 1918 ஆம் ஆண்டு பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் நிறுவினார். அது வளர்ந்து பெரிய கல்லூரியாகவும் மருத்துவமனையாகவும் உயர்ந்தது.

1940 களின் பிற்பகுதியில் மேரி அங்கே மாணவியாகச் சேர்ந்தார். மலையாளத்தைத் தாய்மொழியாகக் கொண்ட அவர், தமிழ் பேசும் நோயாளிகளிடையே பணியாற்றக் கற்றார். படிப்பை நன்முறையில் முடித்துப் பெண்களுக்கான மருத்துவத் துறையில் பணியில் சேர்ந்தார். பிள்ளைப்பேற்று மருத்துவராகிப் பெண்களுக்குப் பணியாற்ற வேண்டும் என்பதே அவருடைய நோக்கமாக இருந்தது. அந்த வழியும் அவர் முன்னே தெளிவாகத் தெரிந்தது.

விபத்து

1954 ஆம் ஆண்டு மேரியின் வாழ்க்கை ஒரு நொடியில் மாறியது. விடுமுறை நாள் ஒன்றில் அவரும் இளம் மருத்துவர்கள் சிலரும் ஒரு வண்டியில் வெளியூருக்குப் பயணம் செய்தனர். வழியில் வண்டி கட்டுப்பாட்டை இழந்து விபத்துக்குள்ளானது. மேரியின் முகம் கிழிந்தது. முதுகெலும்பு முறிந்து தண்டுவடம் சேதமடைந்தது. உயிர் பிழைத்தார். ஆனால், இடுப்புக்குக் கீழே உணர்வும் இல்லை, அசைவும் இல்லை.

தண்டுவடம் என்பது மூளைக்கும் உடலுக்கும் இடையே செய்திகளைக் கொண்டு செல்லும் நரம்புத் தொகுதி. அது சேதமடைந்தால், அதற்குக் கீழேயுள்ள உறுப்புகளுக்கு மூளையின் ஆணை சென்று சேராது. கால்கள் இருந்தும் அவற்றை அசைக்க இயலாது. உணர்வு இல்லாததால் ஒரே நிலையில் நெடுநேரம் படுத்திருப்பதும் தெரியாது. அழுத்தம்படும் இடத்தில் தோல் நைந்து படுக்கைப் புண் உண்டாகும். சிறுநீர்ப் பையில் நோய்த்தொற்று ஏற்படும். இரண்டாம் உலகப் போருக்கு முன்பு, இத்தகைய பாதிப்பு அடைந்தவர்களுள் பெரும்பாலோர் இக்காரணங்களால் விரைவில் உயிரிழந்தனர். மருத்துவராகிய மேரிக்கு இவை அனைத்தும் தெரிந்திருந்தன. ஆகவே, தம் நிலையைப் பற்றிப் பொய்யான நம்பிக்கையில் அவரால் காலம் கழிக்க முடியவில்லை.

மாதக்கணக்கில் அவர் படுக்கையில் கிடந்தார். அறுவைச் சிகிச்சைகள் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தன. நேற்று வரை நோயாளிகளின் படுக்கைகளைச் சுற்றி வந்தவர் இன்று தாமே நோயாளியானார். தண்ணீர் குடிக்கவும் திரும்பிப் படுக்கவும் பிறர் உதவியை எதிர்பார்த்தார். உடல்வலியைவிட, இனித் தம்மால் யாருக்கும் பயனில்லை என்ற எண்ணமே அவரை மிகுதியாக வருத்தியது. இறை நம்பிக்கையும் உடன் பணியாற்றியவர்களின் அன்பும் அவரை மெல்ல மெல்ல மீட்டன.

கைகளுக்கு வாழ்வளித்த கைகள்

அக்காலத்தில் வேலூரில் பணியாற்றிய அறுவை மருத்துவர் பால் பிராண்ட். இவர் 1914 ஆம் ஆண்டு தமிழ்நாட்டின் கொல்லிமலையில், ஆங்கிலேயப் பெற்றோருக்குப் பிறந்தவர். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்தும் முறையை வளர்த்தெடுத்தவர். தொழுநோய் நரம்பைத் தாக்குவதால் வலி உணர்வு மறைகிறது; வலி தெரியாததால் நோயாளிகள் தம்மை அறியாமலேயே கைகால்களைக் காயப்படுத்திக் கொள்கிறார்கள் என்பதை அவர் விளக்கிக் காட்டினார். விரல்கள் தாமே அழுகி விழுகின்றன என்ற பழைய நம்பிக்கை இதனால் தகர்ந்தது.

மேரியின் நிலையை ஆராய்ந்த பிராண்ட், அவருடைய கால்களைவிடக் கைகளையே கவனித்தார். கால்கள் செயலிழந்தாலும் மேரியின் கைகளில் திறமை குறையவில்லை. கை அறுவைச் சிகிச்சையை மருத்துவர்கள் அமர்ந்துகொண்டே செய்வது வழக்கம். அப்படியானால், சக்கர நாற்காலியில் அமர்ந்திருக்கும் ஒருவர் அதனைச் செய்வதற்கு என்ன தடை? இந்த எளிய சிந்தனை மேரிக்குப் புதிய வழியைத் திறந்தது.

முதலில் மேரி தயங்கினார். நெடுநேரம் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பதே அவருக்குக் கடினம். எனினும், முயன்று பார்க்க முடிவு செய்தார். தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை நிமிர்த்தும் நுட்பமான சிகிச்சையைக் கற்றார். முன்கையில் உள்ள நல்ல தசைநார் ஒன்றைப் பிரித்தெடுத்து, செயலிழந்த தசை செய்த வேலையைச் செய்யுமாறு அதனை விரல்களோடு இணைக்க வேண்டும். சிறு பிழையும் நேரக்கூடாது. பொறுமையும் உறுதியான கையும் வேண்டும். மேரியிடம் இரண்டும் இருந்தன. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அவர் திறமையான கை அறுவை மருத்துவராக உயர்ந்தார்.

இதில் நோயாளிகள் கண்ட பயன் இரு மடங்கானது. ஊரால் ஒதுக்கப்பட்ட அவர்கள், தங்களுக்குச் சிகிச்சை அளிப்பவரும் நடக்க இயலாதவர் என்பதைக் கண்டனர். உருளும் நாற்காலியில் வந்து, கனிவோடு தங்கள் கையைப் பற்றிச் சோதிக்கும் அந்த மருத்துவர், சொல்லின்றியே ஒரு பாடத்தைக் கற்பித்தார். உடலின் ஒரு பகுதி செயலிழந்தால் வாழ்க்கை முழுவதும் செயலிழந்துவிடுவதில்லை என்பதே அப்பாடம். நிமிர்ந்த விரல்களால் கரண்டியையும் எழுதுகோலையும் தொழிற்கருவிகளையும் பிடித்தவர்கள் உழைத்து உண்ணும் வாய்ப்பைப் பெற்றனர்.

கடல் கடந்த பயிற்சி

மேரி அறுவை மருத்துவராக வெற்றி பெற்றாலும் அன்றாடத் தேவைகளுக்குப் பிறர் உதவியையே நம்பியிருந்தார். இந்நிலையில், ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குச் சென்று மறுவாழ்வுப் பயிற்சி பெறும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. மறுவாழ்வு மருத்துவம் என்பது நோயைக் குணப்படுத்துவதோடு நின்றுவிடுவதில்லை. எஞ்சியுள்ள ஆற்றலைக் கொண்டு ஒருவர் தம் வாழ்க்கையைத் தாமே நடத்தக் கற்றுக்கொடுப்பதே அதன் நோக்கம். தோள், கை தசைகளை வலுப்படுத்துவது, படுக்கையிலிருந்து நாற்காலிக்குத் தாமே மாறுவது, படுக்கைப் புண் வராமல் காத்துக்கொள்வது போன்றவை அதன் அடிப்படைப் பாடங்கள். பார்ப்பதற்கு எளியவை, ஆனால், கற்றுக்கொள்பவருக்கோ ஒவ்வொன்றும் ஒரு விடுதலை.

பெர்த்தில் பெற்ற பட்டறிவு மேரியின் மனத்தில் ஒரு கேள்வியை எழுப்பியது. மருத்துவராக இருந்ததாலும், உதவும் நண்பர்கள் இருந்ததாலும் தமக்கு இவ்வாய்ப்பு கிட்டியது. பனை மரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பை முறித்துக்கொண்ட தொழிலாளிக்கும், இளம்பிள்ளை வாதத்தால் கால் சூம்பிய ஏழைக் குழந்தைக்கும் இந்த வாய்ப்பை யார் தருவார்? இந்தியாவில் அத்தகைய நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் மறுவாழ்வுப் பிரிவு அப்போது இல்லை. உயிரைக் காப்பாற்றி வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் சில மாதங்களில் படுக்கைப் புண்ணால் மடிந்தனர்.

இப்போது மேரி இரண்டு வழிகளுக்கு நடுவே நின்றார். கை அறுவை மருத்துவராக அவர் பெயர் பெற்று வந்தார். அந்தப் பணியைத் தொடர்ந்தால் பாராட்டும் மனநிறைவும் உறுதி. மறுவாழ்வு மருத்துவமோ அந்நாளில் மருத்துவர்களிடையேகூட அதிகம் அறியப்படாத துறை. அதற்கு மீண்டும் மாணவியாக வேண்டும். நடக்க இயலாத நிலையில் நெடுந்தொலைவு பயணம் செய்ய வேண்டும். மேரி இரண்டாவது வழியையே தேர்ந்தெடுத்தார். தம் துயரத்தை நன்கு அறிந்த ஒருவரே பிறர் துயரத்தைத் தீர்க்க முன்வர வேண்டும் என அவர் கருதினார்.

உதவித்தொகை பெற்று அவர் அமெரிக்காவின் நியூயார்க் நகருக்குச் சென்றார். அங்கு மருத்துவர் ஹாவர்ட் ரஸ்க் தலைமையில் இயங்கிய மறுவாழ்வு மருத்துவ நிலையத்தில் பயிற்சி பெற்றார். ரஸ்க், இரண்டாம் உலகப் போரில் காயமடைந்த அமெரிக்க வீரர்களுக்குச் சிகிச்சை அளித்தவர். காயம் ஆறிய பிறகும் வீரர்கள் படுக்கையில் சோர்ந்து கிடப்பதைக் கண்டு, அவர்களுக்கு உடற்பயிற்சியும் கல்வியும் தொழிற்பயிற்சியும் அளித்தார். உடலுக்கு மட்டுமின்றி மனத்திற்கும் வேலைக்கும் குடும்ப வாழ்வுக்கும் சேர்த்தே சிகிச்சை அளிக்க வேண்டும் என்னும் கொள்கையை அவர் பரப்பினார். பல நாட்டு மருத்துவர்கள் அவரிடம் பயின்று தத்தம் நாடுகளில் அக்கொள்கையைக் கொண்டு சேர்த்தனர். மேரியும் அவர்களுள் ஒருவரானார்.

வேலூரில் மலர்ந்த மறுவாழ்வு

தாயகம் திரும்பிய மேரி, 1963 ஆம் ஆண்டு வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மறுவாழ்வு மருத்துவத் துறைக்குத் தலைமை ஏற்றார். நோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் வசதியுடன் இந்தியாவில் அமைந்த முதல் மறுவாழ்வுத் துறை அதுவே. தொடர்ந்து, 1966 ஆம் ஆண்டு வேலூரை அடுத்த பாகாயத்தில் தனி மறுவாழ்வு நிலையம் ஒன்று திறக்கப்பட்டது.

நியூயார்க்கில் கற்றதை அப்படியே வேலூரில் செய்துவிட முடியாது. அங்கே மழமழப்பான தரையும் மின்தூக்கியும் உண்டு. இங்கே மண் பாதையும் உயரமான வாசற்படியும் உண்டு. அங்கே மேசையில் வைத்துச் சமைப்பர். இங்கே தரையில் அமர்ந்து சமைப்பர். அங்கே குழாயில் தண்ணீர் வரும். இங்கே கிணற்றில் இறைக்க வேண்டும். ஆகவே, தமிழ்நாட்டுச் சிற்றூருக்குத் திரும்பிச் செல்லும் ஒருவருக்கு எத்தகைய பயிற்சி தேவையோ அத்தகைய பயிற்சியை அளிக்க வேண்டியிருந்தது. மருத்துவர், செவிலியர், இயன்முறைப் பயிற்சியாளர், தொழிற்பயிற்சியாளர், செயற்கை உறுப்பு செய்பவர் என அனைவரும் ஒரு குழுவாகச் செயல்பட்டனர். நோயாளியின் குடும்பத்தாரும் அக்குழுவில் ஓர் அங்கமாகக் கருதப்பட்டனர்.

சக்கர நாற்காலியில் மேரி நோயாளிகளைக் காண வரும்போது, வேறு எந்த மருத்துவராலும் தர இயலாத ஒன்றை அவர் தந்தார். இனி நடக்க முடியாது என்னும் கொடிய உண்மையை அறிந்த ஒருவரிடம், தைரியமாக இருங்கள் என்று பிறர் சொன்னால் அது வெறும் ஆறுதல். அதே நிலையில் இருந்துகொண்டு ஒரு துறையையே நடத்துபவர் முன்னே வந்து நின்றால், அது சான்று. இன்றும் அந்நிலையத்தில் பயிற்சி பெற்றுச் சென்றவர்கள் ஆண்டுதோறும் ஒன்றுகூடும் விழா நடைபெறுகிறது. சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் அதில் விளையாட்டுகளிலும் கலை நிகழ்ச்சிகளிலும் பங்கேற்று மகிழ்கின்றனர்.

மேரியின் தொண்டைப் பாராட்டி இந்திய அரசு 1972 ஆம் ஆண்டு அவருக்குப் பத்மசிறீ விருது வழங்கியது. உடல்நலக் குறைவுகள் தொடர்ந்து வருத்தியபோதும் அவர் மாற்றுத்திறனாளிகளின் நலனைப் பற்றிய சிந்தனையைக் கைவிடவில்லை. 1986 ஆம் ஆண்டு அவர் மறைந்தார். விபத்திற்குப் பிறகு 30 ஆண்டுகளுக்கும் மேலாக அவர் வாழ்ந்தார். அந்த ஆண்டுகளில்தான் தம் வாழ்வின் மிகப் பெரிய பணிகளைச் செய்தார்.

இரக்கத்திலிருந்து உரிமைக்கு

மேரி வேலூரில் பணியாற்றிய அதே ஆண்டுகளில், அவர் பயிற்சி பெற்ற அமெரிக்காவில் மற்றொரு மாற்றம் உருவாகி வந்தது. மருத்துவத்தில் முன்னேறிய அந்நாட்டிலும் மாற்றுத்திறனாளிகளின் நிலை நன்றாக இருக்கவில்லை. இளம்பிள்ளை வாதத்தால் கால்கள் செயலிழந்த பிராங்கிளின் ரூஸ்வெல்ட், 1933 முதல் 1945 வரை அதிபராக இருந்தார். ஆனால், தாம் சக்கர நாற்காலியைப் பயன்படுத்துவது மக்கள் கண்ணில் படாதவாறு அவர் பார்த்துக்கொண்டார். நாட்டின் தலைவரே மறைக்க வேண்டிய நிலை என்றால், எளிய மக்களின் நிலையை எண்ணிப் பார்க்கலாம்.

நியூயார்க்கில் வளர்ந்த ஜூடித் ஹியூமன் என்னும் சிறுமிக்கு நேர்ந்ததும் அத்தகையதே. சக்கர நாற்காலியில் இருந்ததால், தீ விபத்து நேர்ந்தால் அவர் இடையூறாக இருப்பார் என்று கூறி, 5 அகவையில் பள்ளியில் சேர்க்க மறுத்தனர். அவர் வளர்ந்து ஆசிரியராக முயன்றபோதும் அதுபோன்ற காரணத்தைக் காட்டி அனுமதி மறுக்கப்பட்டது. 1970 ஆம் ஆண்டு அவர் நீதிமன்றம் சென்று வென்றார், ஆசிரியரானார். கலிபோர்னியாவிலோ, கழுத்துக்குக் கீழே செயலிழந்த எட் ராபர்ட்ஸ் என்னும் இளைஞர் 1962 ஆம் ஆண்டு பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இடம்பெற்றார். பத்து ஆண்டுகளுக்குப் பின், மாற்றுத்திறனாளிகள் தாமே நடத்தும் தற்சார்பு வாழ்க்கை மையம் அந்நகரில் உருவாக அவர் துணைநின்றார்.

கறுப்பின மக்களின் சமவுரிமைப் போராட்டத்தின் பயனாக 1964 ஆம் ஆண்டு இன வேறுபாட்டைத் தடுக்கும் சட்டம் அமெரிக்காவில் இயற்றப்பட்டிருந்தது. அதனை முன்மாதிரியாகக் கொண்டு, அரசின் பண உதவி பெறும் எந்த நிறுவனமும் மாற்றுத்திறனாளிகளை ஒதுக்கக்கூடாது என்னும் விதி 1973 ஆம் ஆண்டின் மறுவாழ்வுச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. ஆனால், அதனைச் செயல்படுத்தும் ஒழுங்குமுறைகள் நான்கு ஆண்டுகள் கிடப்பில் கிடந்தன. 1977 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோ நகரில் நூற்றுக்கும் மேற்பட்ட மாற்றுத்திறனாளிகளும் ஆதரவாளர்களும் அரசு அலுவலகக் கட்டடத்திற்குள் சென்று அமர்ந்தனர். ஜூடித் ஹியூமன் அவர்களை வழிநடத்தியவர்களுள் ஒருவர். மருந்தும் உதவியாளரும் போதிய அளவில் இல்லாத நிலையிலும் மூன்று வாரங்களுக்கு மேல் அவர்கள் அங்கேயே தங்கினர். இறுதியில் அரசு ஒழுங்குமுறைகளில் கையொப்பமிட்டது.

1990 மார்ச்சில், வாஷிங்டன் நகரில் நாடாளுமன்றக் கட்டடத்தின் முன் மாற்றுத்திறனாளிகள் பலர் தங்கள் சக்கர நாற்காலிகளை விட்டிறங்கினர். கைகளை ஊன்றி, படிக்கட்டுகளில் ஒவ்வொரு படியாகத் தவழ்ந்து ஏறினர். அவர்களுள் 8 அகவைச் சிறுமி ஒருவரும் இருந்தார். தங்கள் வழியை அடைத்து நிற்பது தங்கள் கால்கள் அல்ல, அந்தப் படிகளே என்பதை அவர்கள் நாட்டுக்கு உணர்த்தினர். அதே ஆண்டு ஜூலை 26 ஆம் நாள் அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம் நடைமுறைக்கான ஒப்புதலைப் பெற்றது. வேலைவாய்ப்பு, போக்குவரத்து, பொது இடங்கள் ஆகியவற்றில் அவர்களை ஒதுக்குவதை அச்சட்டம் தடை செய்தது.

அந்த விழிப்புணர்வு அமெரிக்காவோடு நின்றுவிடவில்லை. 1981 ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை அனைத்துலக ஊனமுற்றோர் ஆண்டாக அறிவித்தது. இந்தியாவில் 1995 ஆம் ஆண்டும், பின்னர் விரிவான முறையில் 2016 ஆம் ஆண்டும் மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டங்கள் இயற்றப்பட்டன. 2006 ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் அவை மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான உடன்படிக்கையை ஏற்றது. மலேசியாவில் உடற்பேறு குறைந்தோர் சட்டம் 2008 ஆம் ஆண்டு நடப்புக்கு வந்தது. பொதுக் கட்டடங்கள், பொதுப் போக்குவரத்து, கல்வி, வேலைவாய்ப்பு ஆகியவற்றை மற்றவர்களைப் போலவே அவர்களும் பயன்படுத்தும் உரிமையை அச்சட்டம் ஏற்கிறது. அரசுத் துறைப் பணிகளில் நூற்றுக்கு ஓர் இடத்தை அவர்களுக்கு வழங்கும் கொள்கையும் நம் நாட்டில் உண்டு. ஐக்கிய நாடுகள் அவையின் உடன்படிக்கையை மலேசியா 2010 ஆம் ஆண்டு உறுதிப்படுத்தியது.

மேரி வர்கீஸ் ஊர்வலம் நடத்தியவர் அல்லர். சட்டத்திற்காக வழக்காடியவரும் அல்லர். ஆயினும், அவருடைய பணியும் அந்தப் போராட்டங்களும் ஒரே வண்டியின் இரு சக்கரங்கள். பயிற்சி இல்லாமல் உரிமை மட்டும் கிடைத்தால், படுக்கையிலிருந்து எழ இயலாதவர் அதனைப் பயன்படுத்த முடியாது. உரிமை இல்லாமல் பயிற்சி மட்டும் கிடைத்தால், திறமை பெற்றவர் அடைத்த கதவின் முன்னே காத்திருக்க வேண்டும். மேரிக்கே பால் பிராண்ட் போன்றவர்கள் கதவைத் திறந்துவிட்டனர். அக்கதவு ஒருவருடைய நல்ல மனத்தை மட்டும் நம்பியிராமல், எல்லார்க்கும் எப்போதும் திறந்திருக்க வேண்டும் என்பதற்காகவே சட்டங்கள் தோன்றின.

நம் பங்கு

இன்று தொழுநோய்க்கு மருந்து உண்டு. ஜெரெஜாக் தீவுக்கு யாரையும் அனுப்பி ஒதுக்கி வைப்பதில்லை. பாயான் லெப்பாஸ் வழியாக வானூர்தியில் வந்து செல்லும் பயணிகளுள் சக்கர நாற்காலியில் செல்வோரையும் காண்கிறோம். எனினும், கடல் மட்டுமே மனிதரைப் பிரிப்பதில்லை. சரிவுப் பாதையை மறித்து நிறுத்தப்படும் ஒரு மோட்டார் சைக்கிளும் பிரிக்கும். பார்வையற்றோருக்காகப் பதிக்கப்பட்ட மஞ்சள் நிற வழித்தடத்தின்மேல் வைக்கப்படும் ஒரு கூடையும் பிரிக்கும். மாடியில் மட்டுமே இருக்கும் ஒரு வகுப்பறையும் பிரிக்கும். உடற்பேறு குறைந்தோருக்கான வாகன நிறுத்துமிடத்தை ஐந்தே நிமிடத்திற்கு எனப் பிறர் எடுத்துக்கொள்வதும் அத்தகையதே. இவற்றை நீக்கப் பெரும்பொருள் வேண்டியதில்லை. பிறரையும் நம்மைப் போல் எண்ணும் மனம் இருந்தால் போதும்.

விபத்துக்குள்ளான மேரியைப் பார்த்த பலர் அவர் இழந்த கால்களை எண்ணி வருந்தினர். அவரிடம் எஞ்சியிருந்த கைகளை எண்ணிப் பார்த்தவர்களோ சிலர்தாம். அந்தச் சிலருடைய பார்வையும் மேரியின் உழைப்பும் இணைந்தபோது, மடங்கிப்போன விரல்கள் நிமிர்ந்தன. படுக்கையில் கிடந்தவர்கள் எழுந்து அமர்ந்தனர். ஒரு நாட்டில் புதியதொரு மருத்துவத் துறையே வேரூன்றியது. ஒருவரிடம் இல்லாததைப் பார்ப்பதா, இருப்பதைப் பார்ப்பதா என்பதை ஒவ்வொரு நாளும் நாம்தாம் முடிவு செய்கிறோம்.